இரண்டாம் பக்கத்தில் தவளைகள்

நாங்கள் போட்ட இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஒரே ஒருவர்தான் திட்டினார். மற்றவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். காரணம், மற்றவர்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

பழைய படப் பாடல்களைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடியும் இசைத்தட்டாகப் போட்டு விற்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை. முன் அறை நாத்தனாருடையது. உறையின் படம், எழுத்து, தாளின் தடிமன், ஒவ்வொரு தட்டிலும் தங்க மையில் நம்பர் குத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. பின் அறை என்னுடையது. பழைய நாடாவிலிருந்து பாட்டை எடுப்பது, கரகரப்பைத் துடைப்பது, ஆலையிலிருந்து வரும் மாதிரித் தட்டைக் கேட்டுச் சரி சொல்வது. சுருக்கமாகச் சொன்னால் அவர் கண், நான் காது. கீழே டாக்டர் யார் பல்லையாவது துளைக்கத் தொடங்கினால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் என் அறைக்கு வந்து என் சமையலையும் அவர் தம்பியின் தொப்பையையும் பற்றிப் பேசுவார். அவர் தம்பிதான் என் கணவர் என்பதால் இரண்டும் ஒரே பேச்சுதான்.

எங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சேகரிப்பவர்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் பிரிக்கவே மாட்டார்கள். பிரித்துவிட்டால் அது பழசாம். உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள், நம்பரைப் படம் எடுத்து அவர்கள் குழுவில் போடுவார்கள், அலமாரியில் நிறுத்துவார்கள். பாட்டுக் கேட்க ஆசை வந்தால் ஃபோனில் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார், தன்னிடம் நானூறு தட்டு இருக்கிறது, ஆனால் ஓட்டிக் கேட்கிற பெட்டி கிடையாது என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

போன வருடம் எங்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. குடை ரிப்பேர் செய்கிறவர் ஒருவரைப் பற்றிய பழைய படம். ஒன்பது நாள்தான் ஓடியது, ஆனால் பாட்டுகள் நிலைத்துவிட்டன. அந்தப் படத்துக்காகப் பதிவு செய்து, நீளம் கருதிக் கடைசி நேரத்தில் வெட்டிவிட்ட ஒரு பாட்டு உண்டு. பிள்ளைகள் பாடும் குடைப் பாட்டு. படத்திலும் இல்லை, பழைய தட்டிலும் இல்லை, வானொலியிலும் வந்ததில்லை. அதன் நாடா ஒரு தையற்கடையின் பரணில், நாற்பத்தைந்து வருடமாக யார் காதிலும் விழாமல் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, புதுத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டாக வைத்தேன். நாடா இருந்த டப்பாவுக்குள்ளேயே பதிவுக் குறிப்பும் இருந்தது, பாடிய நான்கு பிள்ளைகளின் பெயரோடு. தேடியதில் ஒரே ஒரு பிள்ளைதான் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது வயது ஐம்பது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நால்வர் பெயரையும் உறையின் பின்பக்கத்தில் அச்சிட்டு, அந்த அம்மாவுக்குப் பதினேழாம் நம்பர் தட்டை அன்பளிப்பாக அனுப்பினோம்.

முந்நூறு தட்டு. மூன்றே வாரத்தில் தீர்ந்தது. குழுவில் ஒரே பாராட்டு மழை. "இரண்டாம் பக்கத்தின் ஆழம் மெய்சிலிர்க்க வைக்கிறது" என்று ஒருவர் எழுதியதை நாத்தனார் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படியில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். உயரமான அம்மா. கையில் எங்கள் தட்டு, பிளாஸ்டிக் பிரித்தபடி. நாத்தனார் ஆளைப் பார்க்காமல் முதலில் அதைத்தான் பார்த்தார்.

"ஐயோ, பிரிச்சிட்டீங்களே!"

"பிரிக்காம எப்படிக் கேக்குறது?" என்றார் அந்த அம்மா. "நான்தான் பதினேழாம் நம்பர். இங்க பாட்டுக் கேட்டு சரின்னு சொல்றவங்க யாரு?"

நாத்தனார் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார்.

"போடுங்க," என்று தட்டை என்னிடம் நீட்டினார் டிரைவிங் டீச்சர். "ரெண்டாம் பக்கம். அவசரப்படாம, நிதானமா."

போட்டேன். முதலில் மழைச் சத்தம் வந்தது. குடைப் பாட்டு மழையில்தான் தொடங்கும், அதனால் நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் நான்காவது விநாடியிலேயே இது என் மழை இல்லை என்று புரிந்துவிட்டது. பிறகு ஒரு தவளை கத்தியது. அதற்கு இன்னொரு தவளை பதில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் ஒரு குளம் நிறையத் தவளைகள்.

"பதினோரு நிமிஷம்," என்றார் டீச்சர். "எங்க வீட்டு ஹால்ல பதினெட்டுப் பேர் உக்காந்து பதினோரு நிமிஷம் தவளை கேட்டோம். மழை வருதே, பாட்டு வந்துடும் வந்துடும்னு நானும் எல்லாரையும் புடிச்சு உக்கார வச்சிருந்தேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் பாவனை செய்துகொண்டு முன் அறைக்கு ஓடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சின்ன வயதில் படத்தில் பாடியதாக அவர் சொன்னால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்களாம். முக்கியமாக அவருடைய அண்ணன். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். குடும்பமே அவர் சொல்வதைத்தான் கேட்கும். "ஆமா, நீ பாடினே, நான் நிலாவுக்குப் போய்ட்டு வந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டால் கூடியிருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்களாம். பாட்டுக்குக் கூட்டிப்போன அப்பா அடுத்த வருடமே தவறிவிட்டார். அம்மாவுக்கு அங்கே நடந்தது எதுவும் தெரியாது. உறையில் பெயர் வந்ததைக் காட்டியபோதும் அண்ணன் அசரவில்லை. இந்தப் பேரில் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள், குரலைப் போட்டுக் காட்டு, உன் அஞ்சு வயதுக் குரல் எனக்குத் தெரியும், நானே சொல்கிறேன் என்றாராம்.

"சரின்னு இதுக்காகவே பெட்டி ஒண்ணு இரவல் வாங்கி, எல்லாரையும் கூப்பிட்டு, போட்டேன். முதல் தவளை கத்தினதும் அண்ணன் எழுந்து நின்னு சொன்னாரு, 'ஆமாமா, இது நீதான், சந்தேகமே இல்ல, மன்னிச்சிடு'ன்னு."

முன் அறையிலிருந்து நாத்தனாரின் இருமல் பலமாகக் கேட்டது.

"குழந்தைங்க எல்லாம் இப்ப என்னைத் தவளை அத்தைன்னு கூப்பிடுது," என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் இறங்கியது. "அடுத்த ஞாயிறு அண்ணன் பேத்திக்குப் பிறந்தநாள். எங்க வீட்டுலதான் கூடுறோம். அன்னிக்கு அந்தப் பாட்டு அந்த ஹால்ல கேக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

பாட்டை அவர் ஃபோனுக்கு இப்போதே அனுப்புகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "இந்தக் காலத்துல ஃபோன்ல நாய்கூடப் பாடும்னு சொல்லுவார். தட்டுலதான் வேணும்."

அவர் போன கையோடு ஆலைக்கு ஃபோன் போட்டேன். ஒரு மணி நேரம் யார் யாரிடமோ பேசியதில் விஷயம் வெளிவந்தது. தூக்கம் வராதவர்களுக்காக இன்னொரு கம்பெனி குளக்கரைச் சத்தம் வைத்து ஒரு தட்டுப் போட்டிருக்கிறது. அதன் அச்சை எங்கள் இரண்டாம் பக்கத்துக்கு மாட்டிவிட்டார்கள். அப்படியானால் தூக்கம் வராதவர்களுக்கு என் குடைப் பாட்டா போயிருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. புதுத் தட்டு அடித்துத் தர மூன்று மாதம் ஆகுமாம்.

தப்பு ஆலையுடையது மட்டும் இல்லை. மாதிரித் தட்டு சரியாகத்தான் இருந்தது, கேட்டுத்தான் சரி சொன்னேன். அதற்குப் பிறகு மொத்தத் தட்டும் வந்ததும் அட்டைப்பெட்டிக்கு ஒன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். அது என் விதி, நானே போட்ட விதி. ஆனால் நாத்தனார் நம்பரெல்லாம் குத்தி அடுக்கிவிட்டார், எல்லா நம்பருக்கும் ஆள் இருந்தது, எதைப் பிரித்தாலும் ஒருவர் மூக்கால் அழுவார். பிரிக்காமல் விட்டுவிட்டேன். பிளாஸ்டிக்கைப் பிரிக்காதவர்களை வாய் கிழியத் திட்டிக்கொண்டிருந்த நானும் பிரிக்கவில்லை. இதை நாத்தனாரிடம் ஒப்புக்கொள்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நாத்தனார் யோசித்துவிட்டு மெல்லச் சொன்னார். "யாரும் பிரிக்கப் போறதில்ல. நாம ஏன் வாயைத் தொறக்கணும்?"

"அண்ணி!" என்று அதட்டினேன். நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"சும்மா சொல்லிப் பாத்தேன். உடனே முறைக்காதே."

அன்று மாலையே குழுவில் எழுதினோம். இரண்டாம் பக்கத்தில் தவளைகள் இருக்கின்றன, மன்னிக்கவும், திருப்பி அனுப்புங்கள், புதிது தருகிறோம் என்று. ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை. தவளை உள்ள தட்டு உலகத்தில் முந்நூறுதான், கொடுப்பார்களா? இன்னொரு பிரதி தவளையோடு கிடைக்குமா என்று நாலு பேர் கேட்டார்கள். ஆழத்தைக் கண்டு மெய்சிலிர்த்தவர் மட்டும் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

என்னிடம் மாதிரித் தட்டு இருந்தது. வெள்ளை உறை, பென்சிலில் என் கையெழுத்து, சரியான இரண்டாம் பக்கம். அப்படி ஆலையிலிருந்து வந்தது அது ஒன்றுதான். சேகரிப்பவர்களுக்குத் தெரிந்தால் வாசலில் படுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு தலையணை உறைக்குள் வைத்து, என் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாத்தனாரும் தொற்றிக்கொண்டார். இதைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்றார்.

வாசலில் ஒரு மலை செருப்பு. ஹால் மூலையில் டிரைவிங் ஸ்கூலின் பழைய போர்டு சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. சோபாவில் பெரியவர்கள், தரையில் சின்னவர்கள், கதவோரம் டீச்சரின் கணவர். அவர் எங்களைக் கண்டதும் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கேக் வெட்டியாகிவிட்டது. ஒரு பொடிசு என் கையிலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு "தவளை! தவளை!" என்று கத்த, ஹாலே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒல்லி. வெள்ளைச் சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. கண்ணாடி நெற்றியில். "வாங்க வாங்க," என்று என்னை வரவேற்றார். "இந்தத் தடவை என்ன, காக்காவா?"

"கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார்," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பெட்டியின் ஒரு கால் ஆடியது. பிறந்தநாள் அட்டை ஒன்றை மடித்து அடியில் கொடுத்தேன். ஊசியை வைத்தேன்.

மழை பெய்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு தவளைக்குக் காத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக மாண்டலின் வந்தது. டீச்சரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதைப் பார்த்தேன். பிறகு பிள்ளைகளின் குரல்.

ஓட்டைக் குடை வழியே எட்டிப் பாக்குது வானம்,
ஒட்டுப் போட வேணாம் மாமா, நானும் கொஞ்சம் பாக்கணும்.

இந்தப் பாட்டை நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதனால் தட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைந்தது. முதலில் அசட்டை செய்தேன். பாட்டுக் கேட்டால் யார் உதடும் அசையும். ஆனால் இரண்டாவது சரணம் தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில், தட்டு வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் வாய் அடுத்த வரியைச் சொன்னது. சத்தமில்லாமல், ஒரு எழுத்துப் பிசகாமல். மூன்றாவது சரணத்துக்கும் அப்படியே.

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. பாட்டு முடிந்து ஊசியை எடுத்தவுடனே கேட்டுவிட்டேன். "சார், உங்களுக்கு இந்தப் பாட்டு எப்படித் தெரியும்?"

"எனக்கா? இப்பத்தானே கேக்குறேன்."

"இல்ல. வரி வர்றதுக்கு முன்னாடியே நீங்க பாடினீங்க. இது படத்துல வரல, ரேடியோவுல வரல. நாடா பரண்ல கிடந்துச்சு. எங்க தட்டுல தவளைதான் இருக்கு. இதைக் கேட்டவங்க இந்த உலகத்துலயே நானும் எங்க அண்ணியும்தான்."

டீச்சர் ஜன்னலை விட்டு நகர்ந்து அண்ணனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். "அண்ணா?"

கண்ணாடிக் கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பாட வேண்டியது நான்," என்றார். "இவ இல்ல."

கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. அவரே தொடர்ந்தார்.

"எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பாவுக்கு ஸ்டூடியோவுல லைட் வேலை. நான் ஸ்கூல்ல பாட்டுக்குப் பரிசு வாங்கினதைப் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பார். அவர்தான் கேட்டு வாங்கித் தந்தார் அந்த சான்ஸை. பாட்டை எழுதி வாங்கிட்டு வந்து ஒரு வாரம் பழகினேன். நான் பாடிப் பாடி இவளுக்கும் மனப்பாடம். அன்னிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, இவளைப் பாத்துக்க ஆள் இல்லன்னு கூடவே கூட்டிட்டுப் போனோம். அங்க போய்ப் பாடினா, எனக்குக் குரல் உடைய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு தடவை பாடச் சொன்னாங்க. ரெண்டு தடவையும் கிறீச்சுன்னுச்சு. தம்பி, நீ வெளியில உக்காரு, பாப்பா நீ வான்னுட்டாங்க."

"எனக்கு நீ வந்ததே ஞாபகம் இல்ல," என்றார் டீச்சர்.

"எப்படி இருக்கும்? அஞ்சு வயசு. நான் வராண்டாவுல பெஞ்சுல இருந்தேன். கடைசில கதவைத் திறந்து விட்டுப் பதிஞ்சதைப் போட்டுக் கேட்டாங்க. பாட்டு முடிஞ்சு எல்லாப் பிள்ளைங்களும் சிரிக்கும் பாரு, அது அடங்கினதும் நீ மட்டும் தனியா ஒரு சிரிப்புச் சிரிச்சே. என் குரல் உடைஞ்சதுக்குத்தான் நீ சிரிக்கிறேன்னு நெனச்சேன். எனக்குச் சங்கடமா இருக்கும்னு அப்பா வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்கல. மறுநாள் நீ எழுந்து நான் பாடினேன் பாடினேன்னு குதிச்சே. நீ பாடல, தூங்கிட்டே, அது கனவுன்னு சொன்னேன். நீ நம்பி அழுதே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம் அப்பாவும் இல்ல. சொன்னதை எங்க நிறுத்துறதுன்னு தெரியல. அது பாட்டுக்குக் கேலியா ஆயிடுச்சு."

நாத்தனார் என் கையைப் பிடித்தார். டீச்சர் இப்போது கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை.

"நீங்க யாரும் நம்பலைன்னு நான் அழல அண்ணா," என்றார். "நானே நம்பல. கார் ஓட்டக் கத்துக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன், நான் படத்துல பாடினவள்னு. சொல்லி முடிச்சதும் உள்ளுக்குள்ள ஒரு பயம் வரும். கனவாத்தான் இருக்குமோன்னு. நாப்பத்தஞ்சு வருஷம்."

கண்ணாடிக் கடைக்காரர் என் பக்கம் திரும்பி, கடைசியை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று சைகையில் கேட்டார். போட்டேன். நான்கு பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. அப்புறம் ஒரே ஒரு குட்டிச் சிரிப்பு, இழுத்துக்கொண்டு, தனியாக.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அப்படி இல்லையே," என்றார். "இதுல கேலியே இல்லையே. அஞ்சு வயசுக் குழந்தை சிரிக்குது. அவ்வளவுதான்." அவர் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், அதை மறைப்பானேன்.

டீச்சர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அடுத்த நொடி, அன்று எங்கள் படியேறி வந்த அதே டிரைவிங் டீச்சராகிவிட்டார்.

"முதல்லருந்து போடுங்க," என்றார் என்னிடம். அண்ணனிடம், "எழுந்திரு."

"எதுக்கு?"

"பாடு."

"நானா? இந்த வயசுலயா? ஆளை விடு."

"ஒரு வாரம் பழகினியே, அது சும்மா போகணுமா? எழுந்திரு. நேரா நில்லு. பயப்படாதே, பக்கத்துல நான் இருக்கேன்."

எழுந்தார். பொடிசுகள் கை தட்டின. ஊசியை வைத்தேன். மழை, மாண்டலின், பிறகு கஞ்சி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்று கண்ணாடிக் கடைக்காரர் பாடினார். ஒரு வரி மறக்கவில்லை. சுருதி மட்டும் எங்கேயோ போயிற்று, உச்சிக்குப் போனபோது கிறீச்சென்று உடைந்தது. டீச்சர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நிறுத்தாதே, போ போ," என்றார். அடுத்த சரணம் வந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார், தட்டில் பாடும் தன் ஐந்து வயதுக் குரலோடு.

கடைசியில் அந்தச் சிரிப்பு வரும் இடம் வந்தது. நால்வரும் சிரித்து முடித்த பிறகு, அந்த ஒற்றைச் சிரிப்பு வர வேண்டும். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். வந்ததா என்று எனக்குத் தெரியாது. அண்ணனும் தங்கையும் சிரித்த சிரிப்பில் எதுவும் கேட்கவில்லை.